செம்மையாளராகத் தேடல் பெட்டி: மதிப்புரை

சொற்செயலியில் எழுதுபவர்கள் நாள்தோறும் திறந்து மூடும் வசதி தேடல் பெட்டி. கன்ட்ரோல் விசையோடு எஃப் விசையை அழுத்தியதும் திரையின் ஓரத்தில் தோன்றும் அந்தச் சிறு கட்டம், நாம் அடித்த சொல் பிரதியில் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டுவதோடு நின்றுகொள்ளும். பெரும்பாலோர் அதைத் தொலைந்துபோன பத்தியைக் கண்டுபிடிக்கவோ, மாறிவிட்ட பெயரைத் திருத்தவோ மட்டும் நாடுகிறார்கள். எழுதி முடித்த கட்டுரையில் மிகையான சொற்களைக் களையவும், பொருந்தாத சொல்லை எடுத்துவிட்டுப் பொருந்தும் சொல்லை வைக்கவும் அதே பெட்டி எவ்வளவு தூரம் துணைசெய்யும் என்பதையே இங்கே மதிப்பிடுகிறேன். மைக்ரோசாப்ட் வேர்ட், லிப்ரே ஆபிஸ் ரைட்டர், கூகுள் டாக்ஸ் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். எதைப் பயன்படுத்துபவரும் இதற்கெனத் தனியாக எதையும் வாங்கவோ நிறுவவோ வேண்டியதில்லை என்பது இதன் முதல் தகுதி.

இரண்டாவது தகுதி, அது அறிவுரை சொல்வதில்லை. பிழைதிருத்திகள் சொல்லின் அடியில் சிவப்புக் கோடு போட்டு நம்மைக் கூச வைக்கின்றன. தமிழின் புணர்ச்சி வடிவங்கள் அனைத்தையும் அறியாத பிழைதிருத்தியானால் சரியான சொல்லுக்கும் கோடு விழும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வாக்கியத்தையே மாற்றி எழுதிக் கொடுத்துவிடுகின்றன. படிக்க வழவழப்பாக இருக்கும் அந்த வாக்கியத்தில் எழுதியவரின் குரல் எங்கே போயிற்று என்று பிறகு தேட வேண்டியிருக்கும். தேடல் பெட்டியோ எண்ணிக்கையைச் சொல்கிறது, இடத்தைக் காட்டுகிறது, முடிவை எழுதியவரிடமே விட்டுவிடுகிறது. தம் கைப்பழக்கம் என்ன என்று அறிய விரும்பும் எழுத்தாளருக்கு இதைவிட நேர்மையான உதவியாளர் கிடைப்பது அரிது என்பது என் கருத்து.

'மற்றும்' என்ற சொல்லைத் தேடிப் பார்ப்பது நல்ல தொடக்கம். தமிழில் இரு பெயர்களை இணைக்க 'உம்' என்னும் இடைச்சொல் இருக்கிறது. 'கதையும் கவிதையும்' என்னும்போது எதுவும் குறைவதில்லை. பட்டியல் நீண்டால் காற்புள்ளியிட்டு அடுக்கி, இறுதியில் 'ஆகியவை' என்று முடிக்கலாம். 'பதிப்பாசிரியர் மற்றும் மொழிபெயர்ப்பாளருக்கு' என்று எழுதுபவர், வேற்றுமை உருபை இருமுறை எழுதும் வேலை மிச்சம் என்று நினைக்கக்கூடும். ஆனால் அந்தத் தொடரில் இரு பணிகளையும் செய்பவர் ஒருவரா, இருவரா என்பது தெளிவாக இல்லை. 'பதிப்பாசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும்' என்பது எழுத்தெண்ணிக்கையில் நீளமானாலும் பொருளில் சிக்கனமானது. மிகையைக் களைவது என்றால் எல்லா இடத்திலும் சுருக்குவது என்று எடுத்துக்கொள்பவர்கள் தடுமாறும் இடம் இது. நிறுவனப் பெயர்களிலும் சட்டப் பிரிவுகளிலும் வரும் 'மற்றும்' நம் கையில் இல்லை என்பதால் அவற்றைத் தொடாமல் கடந்துவிட வேண்டும்.

அடுத்துத் தேட வேண்டியது 'ஒரு'. 'அவர் ஒரு மருத்துவர்', 'இது ஒரு முக்கியமான கேள்வி' போன்ற வாக்கியங்களில் அந்தச் சொல் எண்ணிக்கையையும் குறிக்கவில்லை, 'ஏதோ ஒன்று' என்ற பொருளையும் தரவில்லை. இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. 'ஒரு நாள் வருவார்', 'ஒரு விதத்தில் உண்மை' என்பவற்றில் அதை நீக்கினால் பொருள் சரிந்துவிடும். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் நின்று, இது எண்ணா, குறிப்பில்லாமையா, வெறும் பழக்கமா என்று கேட்டுக்கொண்டே நகர வேண்டும். உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' எழுதும் பழக்கமுள்ளவர்கள் அதையும் தனியாகத் தேட வேண்டும். (இந்த மதிப்புரையின் தலைப்பில் 'ஒரு' இல்லாதது தற்செயல் அன்று.) வெறுமனே 'ஒரு' என்று அடித்தால் 'ஒருவர்', 'ஒருமுறை', 'ஒருபோதும்' எல்லாம் சேர்ந்து வந்து எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும், அச்சொல்லை அடுத்து ஓர் இடைவெளியையும் அடித்தால் கூட்டம் குறையும்.

தமிழில் இந்தப் பெட்டியைத் திறமையாகப் பயன்படுத்துவது இப்படிச் சொல்லை எங்கே வெட்டித் தேடுவது என்ற அறிவில்தான் இருக்கிறது. அந்த அறிவு இல்லாதவருக்குப் பெட்டி பாதி உண்மையையே சொல்லும். 'பயணம்' என்று முழுச் சொல்லையும் அடித்தால் 'பயணத்தில்', 'பயணங்கள்' ஆகியவை வராது. ஏனெனில் உருபு சேரும்போது இறுதி மகர மெய் திரிந்துவிடுகிறது. 'பயண' என்று வெட்டித் தேடினால் அவை வந்துவிடும். செயலியைப் பொறுத்து 'பயணி', 'பயணித்தார்' என்பவையும் கூடவே வரலாம். 'செய்' என்று தேடினால் 'செய்தார்', 'செய்கிறார்' ஆகியவற்றோடு 'செய்தி'யும் 'செய்தித்தாளும்' வந்து நிற்கும். 'வா' என்னும் வினையை எந்த வெட்டிலும் முழுமையாகப் பிடிக்க முடியாது. 'வந்தார்', 'வருகிறார்', 'வாருங்கள்' மூன்றுக்கும் மூன்று தேடல்கள் வேண்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் உயிரெழுத்துகளால் வருகிறது. 'கணினியானது வேகமாக இயங்குகிறது', 'மொழியானது மாறிக்கொண்டே இருக்கிறது' என்று எழுவாயோடு 'ஆனது' சேர்க்கும் பழக்கம் பாடநூல் நடையிலிருந்து பலருக்கும் ஒட்டிக்கொண்டது. பெரும்பாலான இடங்களில் 'கணினி', 'மொழி' என்றே எழுதினால் வாக்கியம் நிமிர்ந்து நிற்கும். ஆனால் பெட்டியில் 'ஆனது' என்று அடித்துத் தேடினால் இவற்றில் எதுவும் அகப்படாது. முந்தைய சொல்லோடு சேர்ந்தவுடன் 'ஆ' என்னும் உயிரெழுத்து மறைந்து, 'யா', 'மா', 'வா' என்ற உயிர்மெய்யாகிவிடுகிறது. கணினிக்கு இவை வேறு வேறு குறிகள். எனவே 'யானது', 'மானது', 'வானது' என்று தனித்தனியாகத் தேட வேண்டும். அப்போதும் 'முக்கியமானது', 'தேவையானது' போன்ற குற்றமற்ற சொற்கள் இடையில் வரும். அவற்றைக் கண்டு எரிச்சலடையாமல் கடந்து செல்லும் பொறுமை வேண்டும்.

குறியாக்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருங்குறியில் (யூனிகோட்) 'கொ' என்னும் எழுத்தை, ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தும் அமைக்கலாம். எகரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் அமைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் நிகராகக் கருத வேண்டும் என்பது ஒருங்குறியின் விதி என்றாலும் எல்லாத் தேடல்களும் அவ்விதியைப் பின்பற்றுவதில்லை. 'ஔ' என்னும் ஓரெழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்த பிரதிகளும் உண்டு. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்பு என்றால் நிலைமை இன்னும் மோசம்; திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே உரோமன் எழுத்துகளாக இருப்பதால் தேடல் எதையும் காட்டாது. அத்தகைய பிரதியை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளாமல், 'இந்தச் சொல் என் கட்டுரையில் இல்லவே இல்லை' என்று மகிழக் கூடாது.

இந்தத் தடைகளைக் கடந்தவருக்குப் பெட்டி தாராளமாகப் பலன் தருகிறது. 'ப்பட்ட' என்று தேடிப் பாருங்கள். செயப்பாட்டு வினைகளில் பெரும்பகுதி வரிசையாக வந்து நிற்கும். 'அவரால் எழுதப்பட்ட நூல்' என்பது 'அவர் எழுதிய நூல்' ஆகும்போது இரண்டு உறுப்புகள் உதிர்கின்றன; பொருளில் மாற்றம் எதுவும் இல்லை. செய்தவர் யார் என்று தெரியாத இடத்திலும், செய்தவரைவிடச் செயலே முதன்மையான இடத்திலும் செயப்பாட்டு வினை தன் வேலையைச் செய்யட்டும். செய்தவரை மறைப்பதற்காகவே 'முடிவு எடுக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால், அங்கே மிகுந்திருப்பது சொல் அன்று, குறைந்திருப்பது தகவல். 'அப்பட்டமான' என்ற சொல்லும் இந்தத் தேடலில் அகப்படும் என்பதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

'மேற்கொ' என்று தேடினால் 'ஆய்வு மேற்கொண்டார்', 'பயணம் மேற்கொள்கிறார்', 'முயற்சி மேற்கொள்ளப்பட்டது' என்று செய்தி நடையின் செல்லப் பிள்ளைகள் வெளிவரும். 'ஆராய்ந்தார்', 'செல்கிறார்', 'முயன்றார்' என்று வினையை நேராக எழுதினால் போதும். 'வேண்டியது' என்று தேடினால் 'செய்ய வேண்டியது அவசியமாகும்' போன்ற தொடர்கள் கிடைக்கும்; 'வேண்டும்' என்பதிலேயே அவசியம் அடங்கியிருக்கிறது. 'காரணம்' என்று தேடினால் 'இதற்குக் காரணம் என்னவென்றால் நேரம் போதாததால்தான்' என்று காரணப் பொருளை இருமுறை சுமக்கும் வாக்கியங்கள் தென்படும். 'சுமார்' என்ற சொல்லின் அருகே 'கிட்டத்தட்ட', 'ஏறத்தாழ', 'அளவில்' ஆகியவற்றில் ஏதேனும் ஒட்டிக்கொண்டிருக்கும். 'போன்ற' என்று தேடினால் அதே வாக்கியத்தின் மறுமுனையில் 'முதலியன', 'உள்ளிட்ட', 'பல' என்று இன்னும் இரண்டு பேர் அதே வேலைக்கு நிற்பார்கள்.

வெறும் எண்ணிக்கையைவிடச் சொற்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதே முக்கியம் என்பது என் அனுபவம். 'மிகவும்' என்ற சொல் கட்டுரை முழுவதும் சீராகச் சிதறியிருந்தால் வாசகர் அதைக் கவனிக்கமாட்டார். ஒரே பத்தியில் நான்கு முறை வந்தால் அந்தப் பத்தி முழுவதும் கூவுவதுபோல இருக்கும். வேர்டில் தேடிய சொல் வரும் எல்லா இடங்களையும் நிறமிட்டுக் காட்டும் வசதி உண்டு. பக்கவாட்டுப் பலகை ஒவ்வோர் இடத்தையும் முன்பின் சொற்களோடு பட்டியலிடும், முடிவுகள் மிகுந்துவிட்டால் மட்டும் பட்டியல் தர மறுக்கும். லிப்ரே ஆபிஸில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தேர்ந்தெடுத்து நிறம் கொடுக்கலாம். அங்கும் கூகுள் டாக்ஸிலும் சுருங்குறித் தொடர் (regular expression) வசதி இருப்பதால், சந்தேகப்படும் சொற்களைச் செங்குத்துக் கோட்டால் பிரித்து எழுதி ஒரே தேடலில் எல்லாவற்றையும் பிடிக்கலாம். வேர்டின் பதிலிக்குறிகளில் (wildcards) அது முடியாது. செம்மையாக்கம் என்ற ஒற்றைப் பயனை வைத்துப் பார்த்தால், தமிழுக்கு லிப்ரே ஆபிஸின் தேடலே முன்னால் நிற்கிறது என்பேன். கூகுள் டாக்ஸின் சிறு கட்டம் 'இத்தனையில் இது இத்தனையாவது' என்று உடனே எண்ணிக்கை சொல்வது வசதிதான். திருத்தத்தை ஆழமாகச் செய்பவருக்கு அது போதாது.

இனிக் குறைகள். நன்னூலின் பாயிரம் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை அடுக்கும்போது 'மிகைபடக் கூறல்' என்பதையும் 'கூறியது கூறல்' என்பதையும் தனித்தனியாக வைக்கிறது. தேவைக்கு மேல் சொல்வது வேறு, சொன்னதையே திரும்பச் சொல்வது வேறு என்ற அந்தப் பாகுபாட்டை வைத்துப் பார்த்தால் பெட்டியின் எல்லை தெளிவாகத் தெரியும். அது பிடிப்பது திரும்ப வரும் சொல்லை மட்டுமே, திரும்ப வரும் பொருளை அன்று. 'முன்கூட்டியே முன்பதிவு செய்தார்', 'தனது சுயசரிதையில் எழுதினார்', 'மீண்டும் திரும்ப வந்தார்', 'பரஸ்பரம் ஒருவருக்கொருவர் உதவினர்', 'சூடான வெந்நீர்' போன்ற தொடர்களில் எந்தச் சொல்லும் இருமுறை வரவில்லை. பொருள்தான் இருமுறை வந்திருக்கிறது. வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போதும், 'கேட் வாசல்', 'நடு சென்டர்' என்று ஆங்கிலச் சொல்லோடு தமிழ்ச்சொல் இணையும்போதும் இந்த இரட்டிப்பு இன்னும் எளிதாக ஒளிந்துகொள்ளும். இத்தகைய இணைகளை முன்பே அறிந்தவர் ஒவ்வொன்றாகத் தேடலாம். அறியாதவருக்குப் பெட்டி எதையும் காட்டாது.

பத்தி அளவில் நடக்கும் கூறியது கூறல் இதைவிடக் கடினம். தொடக்கப் பத்தியில் 'செம்மையாக்கம் பொறுமையைக் கேட்கும்' என்று எழுதியவர், ஐந்தாம் பத்தியில் 'அவசரப்படுபவருக்குத் திருத்தம் கைகூடாது' என்று எழுதுகிறார். இரண்டுக்கும் பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை, கருத்து ஒன்றே. இதற்குப் பிரதியை ஓரிரு நாள் ஒதுக்கி வைத்துவிட்டு வாசிப்பது, ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒற்றை வரிச் சுருக்கம் எழுதிப் பார்ப்பது போன்ற பழைய முறைகளே உதவும். கணினியையோ கைப்பேசியையோ உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பதும் நன்று. தமிழ்க் குரல்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன; கண் தாண்டிச் செல்லும் சொல்லைக் காது தாண்டிச் செல்லாது.

மறுபுறம், பெட்டி காட்டும் எல்லா இரட்டிப்பும் குற்றம் அன்று. 'வீடு வாசல்', 'ஈடு இணை', 'அக்கம் பக்கம்' போன்ற இணைமொழிகளும், 'பார்த்துப் பார்த்து', 'சின்னச் சின்ன' போன்ற அடுக்குகளும் தமிழின் இயல்பான நடை. 'பார்த்துப் பார்த்துச் செய்தார்' என்பதில் ஒரு 'பார்த்து' போய்விட்டால் அக்கறையும் போய்விடும். சிறப்புக் கருதி ஒரே பொருளில் பல சொற்கள் அடுக்கி வருவதை ஒருபொருட்பன்மொழி என்று நன்னூலே ஏற்றுக்கொள்கிறது. 'மீமிசை ஞாயிறு' என்பதில் 'மீ', 'மிசை' இரண்டும் மேலிடத்தையே குறிக்கின்றன. பத்துக் குற்றங்களில் கூறியது கூறலைச் சேர்த்த அதே நூல் இதற்கு இடம் தருவதைப் பார்க்கும்போது, தண்டனை இரட்டிப்புக்கு அன்று, பயனின்மைக்கே என்று புரிகிறது. எண்ணிக்கையைக் கண்டு மிரண்டு எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுபவரின் உரைநடை தந்தி வாசகம்போல ஆகிவிடும்.

சொல் தேர்வில் இந்தப் பெட்டியால் வரும் தனி ஆபத்து ஒன்றும் உண்டு. 'சொன்னார்' என்பது பக்கத்துக்கு ஆறு முறை வந்திருப்பதைக் கண்டதும், பலர் அவற்றை 'கூறினார்', 'தெரிவித்தார்', 'குறிப்பிட்டார்', 'வலியுறுத்தினார்' என்று மாற்றி மாற்றி வைத்துவிடுகிறார்கள். 'தெரிவித்தார்' என்றால் கேட்பவர் அறியாத செய்தி இருக்க வேண்டும். 'குறிப்பிட்டார்' என்றால் பலவற்றுக்கு நடுவே ஒன்றைச் சுட்டியிருக்க வேண்டும். 'வலியுறுத்தினார்' என்றால் மறுப்போ தயக்கமோ எதிரில் இருக்க வேண்டும். 'நேரமாகிவிட்டது என்று வலியுறுத்தினார்' என்று படிக்கும் வாசகர், அங்கே ஏதோ வாக்குவாதம் நடந்ததாக எண்ணிக்கொள்வார். உரையாடலில் 'சொன்னார்' ஆறு முறை வந்தாலும் கண் அதில் தங்குவதில்லை; பேசுபவர் யார் என்று தெளிவாக இருக்கும் இடங்களில் அந்த வினையையே நீக்கிவிடலாம்.

விளக்கக் கட்டுரைகளில் இதற்கு நேர்மாறான பயன் கிடைக்கிறது. ஒரே பொருளை ஓரிடத்தில் 'கோப்பு' என்றும் வேறிடத்தில் 'ஆவணம்' என்றும் எழுதினால், இரண்டும் வெவ்வேறோ என்று வாசகர் ஐயப்படுவார். எந்தெந்தப் பெயர்கள் பிரதியில் இருக்கின்றன என்று தேடி, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்கும் வேலையில் பெட்டிக்கு நிகர் எதுவும் இல்லை. அங்கே ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது தெளிவே தவிர மிகை அன்று.

ஆனால் அந்த வேலையைச் செய்யும்போது பெட்டியின் இரட்டைப் பிறவியான 'அனைத்தையும் மாற்று' பொத்தானிலிருந்து விரலை விலக்கி வைப்பது நல்லது. 'கோப்பு' என்ற எல்லா இடத்திலும் 'ஆவணம்' என்று மாற்றச் சொன்னால் 'கோப்புகள்' என்பது 'ஆவணம்கள்' ஆகும், 'கோப்புக்கு' என்பது 'ஆவணம்க்கு' ஆகும். 'கோப்பில்' என்பது தேடலிலேயே சிக்காமல் பழைய வடிவில் நின்றுவிடும். அதைப் பிடிக்க எண்ணிச் சொல்லை 'கோப்ப' என்று வெட்டித் தேடினால், கோப்பு என்பதன் இரண்டாம் வேற்றுமை வடிவமான 'கோப்பை'யும் விளையாட்டில் வென்ற கோப்பையும் ஒன்றாக வந்து நிற்கும். உருபு ஏறும்போது ஒவ்வொரு பெயரும் தன் வழியில் திரியும் தமிழில், ஒவ்வோர் இடமாக நின்று படித்துக் கையால் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. நீண்ட பிரதியில் அது அலுப்பூட்டும் வேலை. இந்த வசதியின்மீது எனக்குள்ள பெரிய மனக்குறையும் இதுதான்.